பேர், ஊர் எல்லாம் சரியாகச் சொல்கிறவருக்கு டிமென்ஷியா இருக்குமா?

அம்மாவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த வேலையையும் முடிப்பதில்லை, டாக்டர் வாஸ்குலர் டிமென்ஷியா (மூளை ரத்தக்குழாய்கள் கெட்டு வரும் டிமென்ஷியா) என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்புங்கள். வீட்டில் யாரோ "வேணும்னே பண்ணுதாவ" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

என் மாமியாருக்கு அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாண மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதி என்றால் சொந்தத்தில் எல்லோரும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்தார் என்பதை இன்றைக்கும் பிசகாமல் சொல்வார். ஆனால் சொதி வரவில்லை. தேங்காயில் மூன்று பாலும் பிழிந்து வைப்பார். கடைசியில் ஊற்ற வேண்டிய முதல் பாலை எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டுத் திரிய வைத்துவிடுவார். பாதிக் காய் நறுக்காமல் கிடக்கும், அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பார். "ஊர்க்கதை எல்லாம் ஞாபகம் இருக்கு, வேலை மட்டும் மறந்துட்டோ?" என்று நாத்தனார் கேட்டது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பல வருடப் பிரஷரில் மூளையின் உள்ளே போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கெடுகின்றன. முன்மூளையை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் அதில் அடிபடுகின்றன. அதனால் திட்டமிடுவது, வரிசையாகச் செய்வது, யோசிக்கும் வேகம் இவைதான் பெரும்பாலும் முதலில் குறையும். கை கால் இழுக்காமலே வாஸ்குலர் டிமென்ஷியா வரலாம். அல்சைமரில் பொதுவாகப் புது விஷயம் மனதில் தங்காது. இதில் பெரும்பாலும் தங்கியிருக்கும், துப்பு இல்லாமல் எடுக்கத்தான் சிரமம். இதைப் பிரித்துப் பார்க்கப் பரிசோதிப்பவர்கள் சில சொற்களைச் சொல்லிவிட்டு, பிறகு "அது ஒரு பழம்" என்பதுபோலத் துப்புக் கொடுத்துக் கேட்கிறார்கள். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்லி நேரம் பார்க்கிறார்கள். அத்தை எண்களை மட்டும் இணைத்துவிட்டார். எழுத்தும் சேர்ந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எம்ஆர்ஐயில், அந்த நரம்பிழைகள் அடிபட்டதைக் காட்டும் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. இதற்குப் பிறகும் நடிப்பு என்பவர்களிடம் நான் பேசுவதில்லை.

நான் டாக்டர் இல்லை, மாத்திரை சிபாரிசு செய்யவும் வரவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த ஸ்பிரிண்ட் என்ற பிரஷர் ஆய்வில், அறிவுத்திறன் பற்றிய முடிவு 2019இல் வந்தது. மேல் பிரஷரை 140க்குப் பதில் 120க்குக் கீழ் வைக்க முயன்றவர்களிடம் லேசான அறிவுத்திறன் குறைவு வரும் வாய்ப்பு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவே குறைந்ததா என்பது உறுதியாகவில்லை. சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவில்லை என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த நோயில் நடையும் தளரும். அப்படிப்பட்டவரைப் பென்ஷனுக்காக மாடியில் இருக்கும் பேங்குக்கு ஏற்றிக் கொண்டுபோனால், "நல்லாத்தானே பேசுதாங்க, கையெழுத்து மட்டும் ஏன் மாறுது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார்கள். கீழே இறங்கிவந்து ரேகை வாங்க ஒருவருக்கும் மனமில்லை.

சரி, உங்கள் அம்மா விஷயம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பிரஷர் அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள். மாற்றம் மெல்ல வந்ததா, திடீர் திடீரென்று படிக்கட்டுபோல இறங்கியதா என்றும் சொல்லுங்கள், அவர் கட்டாயம் கேட்பார். வீட்டில் "சமையலை முடி" என்று மொத்தமாகச் சொல்லாமல், ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். அத்தைக்கு அது உதவுகிறது.