கேள்வி – பதில்: காத்மண்டுவில் முதல் மாலை

கேள்வி: எங்கள் ஆலயத் தொண்டர் சபையிலிருந்து 22 பேர் அடுத்த மாதம் நேபாள யாத்திரை செல்கிறோம். நான் வெளிநாடு போவது இதுவே முதன்முறை. முன்னர் இப்படிக் கூட்டமாகப் போய்வந்தவர்களிடம் அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால், பஸ்ஸையும் ஹோட்டல் சாப்பாட்டையும் பற்றியே சொல்கிறார்கள். எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே, சகோதரி. கூட்டமாகப் போய் இறங்குகிறவர்களின் கண், பெட்டி வந்ததா, கடவுச்சீட்டு யாரிடம், பின்னால் வந்த அம்மாவைக் காணவில்லையே என்று தம்மவர் மேலேயே இருக்கும். அக்கறையினால் வருவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நால்வருக்கு ஒருவர் என்று தலை எண்ணும் பொறுப்பைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே பகிர்ந்துகொண்டால், மற்றவர்கள் நிமிர்ந்து பார்க்க முடியும்.

நான் 18 பேருடன் காத்மண்டுவில் இறங்கியபோது, குடிவரவு வரிசையில் நின்ற எங்கள் குழுவின் தாயார் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பக் காதருகே வைத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் கால் மணி நேரம் முந்தியிருந்ததால், தம்முடையது பழுதாகிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். நேபாள நேரம் இலங்கை நேரத்தை விட 15 நிமிடம் முன்னால் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் முள்ளைத் திருகி நகர்த்திய அந்தக் கணத்தில்தான் வேறு நாட்டுக்கு வந்துவிட்டோம் என்பது எனக்கு உறைத்தது. கோயில்கள் பல மங்கிவிட்ட பிறகும் அந்த விரல்கள் நினைவில் நிற்கின்றன.

முதல் மாலையில் ஒரு மணி நேரத்தை நிகழ்ச்சி நிரலில் வெறுமையாக விடும்படி ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேளுங்கள். போதநாத் தூபி அதற்கு உகந்த இடம். வெள்ளைத் தாதுகோபங்கள் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் நான்கு பக்கமும் கண்கள் தீட்டப்பட்ட தூபியை நாம் இங்கே கண்டதில்லை. நம் கோயிலைப் போலவே வலமாகச் சுற்ற வேண்டும். அந்த ஒரு சுற்றையாவது கைத்தொலைபேசியை எடுக்காமல், பேசாமல் நடந்து பாருங்கள்.

பசுபதிநாதர் கோயிலில் இன்னும் கவனம் தேவை. தோல் இடுப்புப் பட்டியும் தோல் பையும் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை என்பது சிறிய விடயம். பெரிய விடயம், கோயிலை ஒட்டி ஓடும் பாக்மதி ஆற்றின் படிக்கட்டுகளில் பட்டப்பகலில் சிதைகள் எரிவது. பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் நம்மிடையே பெரும்பாலும் இல்லாததால், உங்கள் குழுவில் சிலர் முதன்முதலாகச் சிதையைக் காண்பது அங்கேயாக இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எதிர்க்கரையில் அமைதியாக நில்லுங்கள்; படம் எடுக்க வேண்டாம், அங்கே அழுகிறவர்கள் ஒரு வீட்டின் பிள்ளைகள்.

உயரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. காத்மண்டு ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவை விடத் தாழ்வாகவே இருக்கிறது. ஆனால் மலைமேல் உள்ள முக்திநாத் கோயிலுக்குப் போவதானால் அது சுமார் 3,700 மீற்றர், நம் பிதுருதலாகலை மலையை விட ஆயிரம் மீற்றருக்கும் மேல் உயரம். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டும்.

இன்னொன்று. முதல் இரவுச் சாப்பாட்டு மேசையில் யாராவது ஒருவர் உரத்த குரலில் "ஒரே தூசி" என்று சொல்லிவிட்டால், அடுத்த நாள் காலைக்குள் 22 பேருடைய காத்மண்டுவும் தூசியாகிவிடும். அதனால் சாப்பிட இறங்குவதற்கு முன்பே நான்கு வரி எழுதிவிடுங்கள். பேனாவையும் குறிப்புப் புத்தகத்தையும் பெரிய பெட்டியில் போடாதீர்கள்; பெட்டி அறைக்கு வந்துசேர நேரமாகும்.