தளர்ந்தது நரம்பா?

கேள்வி: வயது 41. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதமாகப் பாதம் எரிகிறது, மரத்தும் போகிறது. போன வாரம் செருப்பு கழன்றதே தெரியாமல் இரண்டு கடை தள்ளிப் போய்விட்டேன். மாடி ஏறினால் தொடை தளர்கிறது. "அவருக்கு நரம்புத் தளர்ச்சி" என்று என் மனைவி சொல்லப்போக, மச்சான் ஒரு மாதிரி சிரிக்கிறார். சுவர் விளம்பரத்தைப் பார்த்து லேகியம் வாங்கியதில் 9,000 ரூபாய் போச்சு. வாலிப வயதுப் பழக்கம்தான் காரணமோ? நான் அவ்வளவு பலவீனமானவனா?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: மச்சான் உங்கள் காலைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறார். நம் ஊரில் கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி, படபடப்பு வந்தாலும் நரம்புத் தளர்ச்சி, தாம்பத்தியத்தில் குறை என்றாலும் அதுவே. இதில் கடைசி அர்த்தத்தை வைத்துத்தான் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் போஸ்டர் ஒட்டிக் காசு பார்க்கிறார்கள். வாலிபப் பழக்கத்தால் நரம்பு கெடாது. அந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள்.

என் கண்ணில் பட்டது செருப்புதான். கழன்றது தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இப்படி வருகிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய்தான். கூடவே வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அதுவும் நரம்பைக் கெடுக்கும்.

தொடை விஷயம் வேறு. குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். எழ முடிந்து, சும்மா அலுப்பாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் அசதிதான். எழவே முடியவில்லை என்றால் தசையில் பலம் குறைகிறது; அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். (திடீரென்று ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ யோசிக்காமல் 108.)

'பலவீனமானவன்' என்பது குணத்தைச் சொல்கிற வார்த்தை. கால் எரிச்சலை ஏன் அந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்? குணத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றால், கூச்சப்பட்டு ஆறு மாதம் டாக்டரிடம் போகாமல் இருந்ததைச் சொல்வேன்.

டாக்டரைப் பார்க்கும்வரை வெறுங்காலோடு நடக்காதீர்கள். ராத்திரி பாதத்தில் புண் இருக்கிறதா என்று வீட்டம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த லேகிய டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பார்.