ஸ்கேன் நார்மல்தான், ஆனால் இவ்வளவு கோபம் ஏன்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நார்மல் என்று வந்தது. ஆனால் சின்ன விஷயத்துக்கும் கதவை அறைந்து சாத்துகிறான். அரை மணி நேரம் கழித்து அவனே வந்து, "ஸாரிம்மா" என்கிறான். ஸ்கேனில் எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பார்களா டாக்டர்?

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா. கட்டி, ரத்தக்கசிவு மாதிரியான கோளாறுகளைத் தேடத்தான் அந்த ஸ்கேன். கோபத்துக்குக் காரணம் அதில் தெரியாது. 2 வயது தாண்டியதுமே மூளையின் வெண்பொருள் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் ஏறக்குறையப் பெரியவர்களுக்கு இருப்பது போலத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் உள்ளே வேலை இன்னும் பல வருடங்களுக்கு நடக்கும்.

மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கிற நரம்பிழைகளின் கட்டுதான் வெண்பொருள். இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. வெள்ளை நிறமே அதனால்தான். இந்த உறை துண்டு துண்டாக, நடுவில் சிறு இடைவெளி விட்டுச் சுற்றியிருக்கும். செய்தி அந்த இடைவெளிகளைத் தாவித் தாவிப் போகும். உறையில்லாத இழையில் நொடிக்கு 1 மீட்டர் போல ஊர்ந்துபோகும் செய்தி, உறை போட்ட பிறகு பல மடங்கு வேகமாக ஓடும்.

இந்த வேலை பெரும்பாலும் பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. பார்வை, கைகால் அசைவுக்கான பாதைகள் முந்திக்கொள்ளும். யோசித்து நிதானிக்க வைக்கிற நெற்றிப் பகுதியும், அதை உணர்ச்சி மையங்களோடு சேர்க்கும் பாதையும் கடைசியில்தான் முடியும். 25 வயதையொட்டியும் அது தொடரும். உங்கள் மகனுக்குக் கோபம் முந்துகிறது, நிதானம் அரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. அந்த "ஸாரிம்மா" எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது.

எல்லாப் பழியையும் மயலின் மேல் போட்டுவிடவும் முடியாது. ஹார்மோன், படிப்புச் சுமை, தூக்கக் குறைவு எல்லாமே சேர்ந்துதான் இந்தக் கோபம். இந்த வயதில் தூக்கம் வருவதே இரவில் தாமதமாகும். தேவையோ 8 முதல் 10 மணி நேரம். போனை ஹாலிலேயே சார்ஜ் போடச் சொல்லுங்கள். கதவு சாத்திய நிமிடத்தில் போய் வாதாடாதீர்கள், அவன் திரும்பி வந்ததும் பேசுங்கள். அப்புறம், நீங்கள் சுத்த சைவமா? பால், தயிரும் குறைவு என்றால் ஒருமுறை ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். மயலினுக்கு அது அவசியம்.

தலைவலி தொடர்ந்தால் டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள். வாரக்கணக்கில் யாருடனும் பேசாமல் ஒதுங்கினாலோ, படிப்பு திடீரெனச் சரிந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனித் துறை இருக்கிறது. சாகப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றே கூட்டிப் போங்கள். கோபத்துக்காக இன்னொரு ஸ்கேன் வேண்டாம்.