பழைய ஜிஆர்இ புத்தகம் போதுமா?

ஜிஆர்இ (முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான தேர்வு) புத்தகத்தின் 2021 பதிப்பில் கணிதப் பிரிவுக்கு 20 கேள்வி, 35 நிமிடம் என்று இருக்கிறது, அப்படியே பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேள்விகளைத் தாராளமாகப் போடுங்கள். 130–170 மதிப்பெண் அளவும் மாறவில்லை. நேரக்கணக்கை மட்டும் தூக்கிப்போடுங்கள்.

2023 செப்டம்பர் 22 முதல் மொத்தத் தேர்வே 1 மணி 58 நிமிடம்தான், இடைவேளை கிடையாது. கணிதத்தில் முதல் பிரிவு 12 கேள்வி, 21 நிமிடம். அடுத்தது 15 கேள்வி, 26 நிமிடம். வெர்பலில் (ஆங்கில மொழித்திறன் பகுதி) அதே எண்ணிக்கைக்கு 18, 23 நிமிடம். ஆர்க்யுமென்ட் கட்டுரை (கொடுத்த வாதத்தை அலசுவது) போய்விட்டது, அந்த அத்தியாயத்தைத் தொடவே வேண்டாம். இஷ்யூ கட்டுரை (ஒரு கருத்தின் மீது உங்கள் நிலைப்பாட்டை எழுதுவது) மட்டும், 30 நிமிடம்.

பலரும் சறுக்குவது முதல் பிரிவில்தான். அதை வைத்தே இரண்டாவதின் கடினம் தீர்மானமாகிறது. கேள்விகள் குறைந்ததால் ஒவ்வொரு தவறும் கூடுதலாக அடிக்கும். 2 நிமிடம் தாண்டினால் ஏதாவது ஒரு விடையைக் குறித்து, பிறகு திரும்பிப் பார்க்க மார்க் செய்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.