புது எக்ஸ்சேஞ்ச், பழைய பி.ஆர்.ஐ. லைன்

கேள்வி: பல்லார்ட் எஸ்டேட்டில் எங்கள் கிளியரிங் ஏஜென்சி ஆபீஸ். பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். (ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) போன மாதம் படுத்துவிட்டது. புதுசு வாங்கி, ஏற்கெனவே இருந்த ஐ.எஸ்.டி.என். பி.ஆர்.ஐ. (PRI) லைனில் (ஒரே டிஜிட்டல் லைனில் பல பேச்சு வழி; எங்களுக்கு 10 சேனல்) மாட்டியிருக்கிறோம். வெளியிலிருந்து எந்த நேரடி நம்பருக்குக் கூப்பிட்டாலும் ரிசப்ஷனில்தான் மணி அடிக்கிறது. உள்ளேயிருந்து போடும் கால்களில் பாதிக்கு மேல் போவதில்லை. ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் அறுந்துபோகிறது. பெட்டி விற்றவர் லைன் கோளாறு என்கிறார். லைன் கொடுத்த கம்பெனி பெட்டிக் கோளாறு என்கிறது. யாரை நம்புவது?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் அம்மா. ஒரே ஒரு கால் முழுசாகப் போய் வந்தாலே ஒயர், கார்டு, சிக்னல் மூன்றும் தேறிவிட்டன என்று அர்த்தம். உங்களுக்கு மூன்று தொந்தரவு; மூன்றும் செட்டிங். பழைய பெட்டியை மாட்டிக்கொடுத்தவர் லைனுக்கு ஏற்ற மாதிரி என்னென்னவோ போட்டுவைத்திருப்பார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. புதுப் பெட்டி கம்பெனியில் போட்டு அனுப்பிய செட்டிங்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளியே போகாத கால்களை முதலில் பார்ப்போம். நம் நாட்டில் பி.ஆர்.ஐ. என்பது ஈ1 லைன், 2.048 எம்.பி.பி.எஸ். அதில் 0 முதல் 31 வரை 32 இடம். 0-வது இடம் ஒழுங்கு காக்க, 16-வது சிக்னலுக்கு. மீதி 30-இல் பேச்சு. நீங்கள் வாங்கியிருப்பதோ 10 சேனல். புதுப் பெட்டிக்கு அது தெரியாது. 30-ம் தன்னுடையது என்று நினைத்து வரிசையாக ஒவ்வொன்றாகக் கேட்கிறது. இல்லாத சேனலைக் கேட்டால் எதிர்முனை, அதாவது லைன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச், கையை விரிக்கும். டிரேஸ் (லைனில் போய்வரும் சிக்னல்களின் பதிவு) எடுத்தால் காரணம் 44 அல்லது 82 என்று வரலாம். 44 என்றால் கேட்ட சேனல் கிடைக்காது, 82 என்றால் அப்படி ஒரு சேனலே இல்லை. எந்த 10 சேனல் திறந்திருக்கிறது என்று லைன் கம்பெனியிடம் கேட்டு, மற்றதை பெட்டியில் மூடிவிடச் சொல்லுங்கள். கேட்கும்போது எச்சரிக்கையாக இருங்கள்: சில பெட்டிகள் 1 முதல் 30 வரை எண்ணும், சில 16-ஐத் தாண்டி 31 வரை எண்ணும். “20-வது சேனல்” என்று ஒருவர் சொன்னால் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்.

அடுத்து ரிசப்ஷன் மணி. உள்ளே வரும் ஒவ்வொரு காலோடும் எதிர்முனை, கூப்பிட்ட நம்பரையும் அனுப்புகிறது. சில இடத்தில் 8 இலக்கமும் வரும், சில இடத்தில் கடைசி 4 அல்லது 3 மட்டும். வந்ததை வெட்டி, முன்னால் ஒரு எண் ஒட்டி, எக்ஸ்டென்ஷனாக மாற்றும் வேலை பெட்டியுடையது. பொருந்தும் எக்ஸ்டென்ஷன் கிடைக்காவிட்டால் பெட்டி ஆபரேட்டரிடம் தள்ளிவிடும். ரிசப்ஷன் பெண்ணுக்கு ஓய்வில்லாமல் போனது அதனால்தான். உங்கள் செல்லிலிருந்து ஒரு நேரடி நம்பருக்கு அடித்துவிட்டு, டிரேஸில் கூப்பிட்ட நம்பராக எத்தனை இலக்கம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அதற்கேற்ப அட்டவணை போட அரை மணி போதும். அதே மூச்சில், வெளியே போகும் காலுக்கு எந்த நம்பரைக் காட்டுவது என்பதையும் போட்டுவிடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கொடுத்த வரிசையில் இல்லாத நம்பரைப் பெட்டி அனுப்பினால், கம்பெனி அதை நீக்கிவிட்டு உங்கள் மெயின் நம்பரைக் காட்டலாம்.

ஃபேக்ஸ்தான் சுவாரசியமான கேஸ். ஈ1-இல் இரண்டு முனையும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். தாளம் சொல்வது லைன் கம்பெனி. உங்கள் பெட்டி அதைக் கேட்டு ஓட வேண்டியது. கிளாக் செட்டிங் “இன்டெர்னல்” என்று கிடந்தால் பெட்டி தன் தாளத்தில் ஓடும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அவ்வப்போது ஒரு ஃப்ரேம் நழுவும். ஒரு ஃப்ரேம் என்பது ஒரு வினாடியில் 8,000-இல் ஒரு பங்கு. பேச்சில் அது லேசாக ஒரு ‘டிக்’. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஃபேக்ஸ் மோடம் அதைப் பொறுக்காது, அறுத்துவிடும். கிளாக்கை லைனிலிருந்து எடுக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். பிறகு பெட்டி காட்டும் ‘ஸ்லிப்’ (ஃப்ரேம் நழுவல்) கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுநாள் பாருங்கள், கூடியிருக்கக் கூடாது. பெட்டி விற்றவர் “குரல் நன்றாகத்தானே கேட்கிறது” என்று வாதாடுவார். ஃபேக்ஸை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

சி.ஆர்.சி.-4 (லைனில் பிழை வருகிறதா என்று பார்க்கும் செட்டிங்) ஒன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் ஆன், அல்லது இரண்டிலும் ஆஃப். மாறியிருந்தால் லைன் நன்றாக ஓடுவது போல் ஓடி, திடீரென்று அலாரம் போடும்.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடவில்லையே? சப்ளை போர்டு மட்டும் போயிருந்தால், லாமிங்டன் ரோட்டில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஒரு தடவை உயிர்ப்பித்து, சேனல், இலக்கம், கிளாக் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் பிடித்த வழி. எந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேரும் இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லாது.

கேள்வி: கிளினிக்கில் இருப்பது நீங்கள் சொன்ன பெரிய ஐ.எஸ்.டி.என். பி.ஆர்.ஐ. (PRI) இல்லை, சின்ன பி.ஆர்.ஐ. (BRI), அதாவது 2 சேனல் பேசிக் ரேட் லைன். புது எக்ஸ்சேஞ்சில் அதற்கு ஓட்டையே இல்லை. சாதாரண லைன் போர்ட்டில் சொருகலாமா?
– வாசகர், டோம்பிவிலி

பதில்: கூடாது ஐயா. சாதாரண லைனின் இரண்டு ஒயரும் இதுவும் வேறு வேறு. கம்பெனி ஒயர் முதலில் என்.டி. பெட்டிக்குள் (லைன் உங்கள் இடத்தில் வந்து முடியும் சின்னப் பெட்டி) போகிறது, அதிலிருந்து நான்கு ஒயர், ஆர்.ஜே.45 பிளக்கின் 3, 4, 5, 6 முனைகளில் வருகிறது. அதில் 64 கே.பி.பி.எஸ். வீதம் இரண்டு பேச்சு சேனல், 16 கே.பி.பி.எஸ்.-இல் ஒரு சிக்னல் சேனல். பிளக் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் ஸ்விட்சிலும் சொருகாதீர்கள். சில என்.டி. பெட்டிகளில் சாதாரண போனுக்கு இரண்டு வாய் இருக்கும். உங்களுடையதில் இருந்தால் அவற்றை எக்ஸ்சேஞ்சின் லைன் போர்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அந்த லைனைச் சரண்டர் செய்துவிட்டு, எஸ்.ஐ.பி. டிரங்க் (டேட்டா லைன் வழியே கால்களைக் கொண்டுவரும் இணைப்பு) வாங்குவது நல்லது. நம்பரை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா என்று சரண்டர் செய்வதற்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எல்லாரும் எஸ்.ஐ.பி.க்கு மாறுகிறார்களே, நாங்களும் பி.ஆர்.ஐ.யை விட்டுவிடலாமா?
– வாசகர், முலுண்டு

பதில்: போக வேண்டிய திசை அதுதான். பிரிட்டனில் பழைய தொலைபேசி லைன்களையும் ஐ.எஸ்.டி.என்.னையும் 2027 ஜனவரிக்குள் மூடுவதாகத் திட்டம். ஆனால் பெட்டியையும் லைனையும் ஒரே சனிக்கிழமை மாற்றாதீர்கள். முதலில் பெட்டி, அதில் இரண்டு வகை டிரங்கும் ஓடும்படி பார்த்து வாங்குங்கள். புதுப் பெட்டி பழைய பி.ஆர்.ஐ.யில் ஒரு மாதம் சத்தமில்லாமல் ஓடட்டும், அப்புறம் லைனைப் பாருங்கள். ஃபேக்ஸ் இருந்தால், டி.38 (டேட்டா லைனில் ஃபேக்ஸ் அனுப்பும் முறை) உண்டா என்று எஸ்.ஐ.பி. கொடுப்பவரிடம் கேளுங்கள். அவர் “எல்லாம் உண்டு சார்” என்றால், உங்கள் மெஷினிலிருந்து 10 பக்கம் அனுப்பிப் பார்த்த பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.