நுரையீரல் புற்றுநோய்: நகையை அடைவு வைக்க முன் – கேள்வி பதில்

அரச வைத்தியசாலை மருந்தகத்தில் இருபது வருடத்துக்கு மேல் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வெள்ளவத்தையில். என் சொந்த அண்ணாவுக்கும் இதே நோய் வந்தது. கவுண்டருக்கு உள்ளே நின்றும், வெளியே வரிசையில் நின்றும் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். உங்கள் வைத்தியரின் முடிவுக்குப் பதிலாக இதை எடுக்க வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவட்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 62 வயது. சிடி ஸ்கானில் வலது நுரையீரலில் கட்டி தெரிகிறது. நகையை அடைவு வைத்தாவது தனியார் ஆஸ்பத்திரியில் நாளைக்கே கீமோ தொடங்க வேண்டும் என்று அண்ணா நிற்கிறார். மகரகம அரச புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிந்திவிடும் என்கிறார். என்ன செய்வது?

நகையை இப்போது தொடாதீர்கள், தங்கச்சி. ஸ்கான் கட்டியைக் காட்டும், அது என்ன கட்டி என்று சொல்லாது. நம் நாட்டில் காசநோய்த் தழும்பும் ஸ்கானில் சந்தேகத்தைக் கிளப்பும். பயொப்சி, அதாவது கட்டியில் சிறு சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை, முடிவு வந்து, என்ன வகை, எந்த நிலை என்று தெரியும் முன் கீமோ தொடங்க எந்த நல்ல வைத்தியரும் சம்மதிக்க மாட்டார். நுரையீரல் புற்றில் சிறு கல வகை ஏறத்தாழ 15 சதவீதம், மற்றது 85 சதவீதம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அந்த 85 சதவீதத்துக்குள்ளும் சிலருக்குச் சத்திரசிகிச்சை, சிலருக்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்து, சிலருக்குத் தினம் ஒரு குளிசை என்று பாதைகள் பிரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணாவுக்கு முதல் மாதத்திலேயே ஒரு தனியார் இடத்தில் அதே ஸ்கானை இரண்டு தடவை எடுத்தோம். அறை வாடகை, தங்கிய செலவு என்று அண்ணியின் தாலிக்கொடி வரை போனது. மூன்றாம் மாதம், அவருக்கு வேலை செய்யக்கூடிய குளிசை இதுதான் என்று தெரிந்தபோது, மாதாமாதம் அதை வாங்கக் கையில் காசு இருக்கவில்லை. மருந்தகத்திலேயே வேலை செய்தும் அந்தப் பதற்றத்தில் எனக்கே புத்தி வேலை செய்யவில்லை. அதனால்தான் எல்லோரிடமும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலையிலோ கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ நெஞ்சு நோய் நிபுணரிடம் காட்டி, பிரொங்கொஸ்கொப்பியோ (மூச்சுக்குழாய்க்குள் சிறு குழாய் விட்டுப் பார்ப்பது) ஊசிப் பயொப்சியோ செய்வியுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. வரிசை நீளமாக இருந்தால் அதே நிபுணரைப் பின்னேரம் ஒரு தடவை தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, கேளுங்கள், எந்த நாளில் எந்த கிளினிக்குக்கு வர வேண்டும் என்று எழுதித் தருவார். அந்தச் சனல் காசு வீண் போகாது. முடிவு வந்ததும் மகரகம அபேக்‌ஷா. அங்கே கீமோவும் கதிர்வீச்சும் இலவசம்.

தெஹிவளை, மருமகள்: மாமிக்கு அடினோகார்சினோமா. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். சோதனையை வெளியில் காசு கட்டிச் செய்யச் சொல்கிறார்கள். அவசியமா?

அவசியம். கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. கையில் இருக்கும் காசில் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். கிழக்கு ஆசிய நாட்டவரில் அடினோ வகை (மேலே சொன்ன 85 சதவீதத்துக்குள் ஒன்று) வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மரபணு மாற்றம் இருக்கிறது. புகைக்காத பெண்களில் இன்னும் கூட. இருந்தால் ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஒசிமெர்ட்டினிப் போன்ற குளிசைகள் கேட்கும். கீமோ அளவுக்கு ஆளைச் சாய்க்காது. முகத்தில் பரு போல் எழும்புவதும் வயிற்றோட்டமும் வரலாம், அதைச் சமாளிக்கலாம். கூடவே ஏ.எல்.கே. என்ற இன்னொரு மரபணுச் சோதனையையும் கேளுங்கள், அதற்கும் தனிக் குளிசை உண்டு.

சோதனைக்காகத் திரும்பப் பயொப்சி செய்ய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். முதல் பயொப்சிச் சதையை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி அடுத்த ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம். மிச்சத்தைத் திரும்ப வாங்கி வைப்பதும் முக்கியம். பிறகு நோய் மாறினால் அது கைகொடுக்கும்.

புகைக்காத மாமிக்கு எப்படி வந்தது என்று வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அடுத்தவர் விட்ட புகை, விறகடுப்புப் புகை, வாகனப் புகை எல்லாம் காரணமாகலாம். ஒரு காரணமும் தெரியாமலும் வரும்.

வத்தளை, மனைவி: கணவர் தனியார் கம்பனியில் 18 வருடம். வருமானம் நின்றுவிட்டது. எங்கே உதவி கேட்கலாம்?

முதலில் அவருடைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி). ஓய்வுக்கு முன்பே வைத்தியத் தேவைக்கு 30 சதவீதம் எடுக்கலாம். பத்து வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும், கணக்கில் 3 லட்சம் ரூபாவாவது இருக்க வேண்டும், உச்ச வரம்பு 20 லட்சம். 18 வருடம் என்றால் உங்களுக்குப் பொருந்தும். நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். இனி வேலைக்கே போக முடியாது என்று வைத்தியர்கள் உறுதிப்படுத்தினால் முழுத் தொகையையும் எடுக்கலாம். ஆனால் அவசரப்பட்டு வேலையை எழுதிக்கொடுக்க வேண்டாம். கம்பனியின் வைத்தியக் காப்புறுதி இன்னும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அரச ஊழியர் குடும்பமாக இருந்தால் அக்ரஹார காப்புறுதியைக் கேட்கச் சொல்வேன்.

அடுத்தது ஜனாதிபதி நிதியம். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். பில் கட்டி முடித்த பிறகு ஓடாமல், வைத்தியர் மருந்தை எழுதித் தந்த அன்றே தொடங்குங்கள். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், வைத்தியரின் கடிதம், கிளினிக் கொப்பி எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து பிரதி எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். ஒரு பிரதி குறைந்ததால் அரை நாள் சம்பளத்தை இழந்து வீட்டுக்குத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கனடாவிலோ லண்டனிலோ சொந்தக்காரர் இருந்தால், மொத்தமாக ஒரு தொகை கேட்பதை விட மாதம் மாதம் இவ்வளவு என்று கேளுங்கள். இந்தக் குளிசைகள் வேலை செய்யும் வரை நிறுத்தாமல் போட வேண்டியவை. ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேலே போகும். மொத்தமாக வரும் காசு செத்தவீடு, கலியாணவீடு, பிள்ளையின் ஃபீஸ் என்று கரைந்துவிடும். மாதக் காசு மருந்துக்கே போகும். வட்டிக்கு எடுப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். பெற்றோருக்காக வீட்டை விற்க முன், அவர்களிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

மட்டக்குளி, மகன்: சென்னையில் அதே மருந்து விலை குறைவு என்கிறார்கள். நண்பர் மூலம் கொண்டு வரலாமா?

விலை வித்தியாசம் உண்மைதான், இந்தியாவில் பல கம்பனிகள் இவற்றைச் செய்கின்றன. ஆனால் தம்பி, முதலில் மகரகம மருந்தகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்தது அரச மருந்துக் கடையான ஒசுசல. 2022ல் தட்டுப்பாடு வந்த காலத்தோடு ஒப்பிட்டு இப்போதும் இருக்காது என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். அங்கும் இல்லையென்றால், உங்கள் வைத்தியரிடம் கம்பனிப் பெயரைச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு, மருந்துச் சீட்டோடும் பில்லோடும் நோயாளியின் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். குளிசை என்றால் கொண்டு வரலாம். இம்யூனோதெரபி ஊசி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) என்றால் நண்பரின் பையில் வேண்டாம். 2 முதல் 8 பாகைக்குள் குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. கெட்டுப்போனாலும் பார்வைக்குத் தெரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் எடுப்பவர்கள் வயிற்றில் கேஸ் என்று ஒமெப்ரசோலைச் சொந்தமாக வாங்கிப் போடக்கூடாது. வயிற்று அமிலம் குறைந்தால் புற்றுநோய்க் குளிசை உடம்பில் சரியாகச் சேராது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்து அப்படி வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

பம்பலப்பிட்டி: கீமோ முடிந்து பத்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். பனடோல் கொடுத்து நாளை வரை பார்க்கலாமா?

வேண்டாம். 38 பாகை தாண்டினால் இரவானாலும் ஆஸ்பத்திரி. கீமோவுக்குப் பிறகு ஏழு முதல் பதினான்கு நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும், சாதாரணத் தொற்றே சில மணித்தியாலத்தில் ஆளைக் கவிழ்க்கும். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். போனதும் முதல் வாக்கியமாக, இத்தனையாம் திகதி கீமோ போட்டது என்று சொல்லுங்கள். யாருக்கும் சிங்களம் வராதென்றால், சிங்களத்தில் இதை ஒரு கடதாசியில் எழுதி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இன்றைக்கே ஒட்டி வையுங்கள்.

ஹட்டனிலிருந்து: கதிர்வீச்சுக்கு ஆறு கிழமை தினமும் மகரகம வரச் சொல்கிறார்கள். தங்க இடம்?

மகரகமவில் சி.சி.சி. இல்லம், கதிர்வீச்சுக்கு வரும் வெளிநோயாளர்களை இலவசமாகத் தங்கவைக்கிறது. வார்ட் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொன்னால் வழி காட்டுவார். அதற்கு முன், கண்டியில் செய்ய முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். யாழ்ப்பாணத்தார் தெல்லிப்பழையையும் கிழக்கார் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையையும் கேட்கலாம். கொழும்புக் கோட்டையில் இறங்குபவர்களுக்கு 138 பஸ் நேரே மகரகம போகும்.

கிராண்ட்பாஸ்: முள்சீத்தா இலைத் தண்ணி கொடுக்கிறோம், சீனியை நிறுத்திவிட்டோம். சரியா?

இலைச்சாறு எதுவானாலும் கீமோ நாட்களில் வேண்டாம், ஈரலுக்கு இரட்டைச் சுமை. சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, ஆள்தான் மெலிவார். முட்டை, மீன், பருப்பு, கஞ்சி, அவருக்குப் பிடித்தது எதுவோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

வெள்ளவத்தை, மகன்: அப்பாவிடம் இது புற்றுநோய் என்று சொல்லவில்லை. சளிக்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். சொன்னால் உடைந்துவிடுவார் என்று மாமா தடுக்கிறார்.

கொழும்பில் வளர்ந்த ஒருவருக்கு மகரகம ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தெரியாதா, தம்பி? அனேகமாக அவருக்குத் தெரியும். உங்களை நோகடிக்கக்கூடாது என்று அவரும் வாயைத் திறக்காமல் இருக்கிறார். என் அண்ணா கடைசியில் என்னிடம் சொன்னது, "எல்லாரும் நடிச்சதில எனக்கு ஒருத்தரோடயும் கதைக்க முடியேல்ல" என்றுதான். அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "அப்பா, ரிப்போர்ட் வந்திருக்கு. உங்களுக்கு எவ்வளவு தெரிய வேணும்?" என்று கேளுங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்துங்கள். வங்கிக் கணக்கு, காணி உறுதி, யாருக்கு என்ன என்பதெல்லாம் அவர் வாயாலேயே வர வேண்டியவை.

ராஜகிரிய, அக்கா: தம்பிக்கு இனிக் கீமோ வேண்டாம் என்கிறார்கள். மோர்ஃபின் எழுதியிருக்கிறார்கள். பழக்கமாகிவிடும் என்று பயந்து கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்றே கொடுங்கள், அக்கா. வைத்தியர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில், வலி வரும் வரை காத்திருக்காமல். நோயின் வலிக்கு அளவாகக் கொடுக்கும்போது போதைப் பழக்கம் வருவது மிக அரிது. மூச்சிரைப்புக்கும் அது ஆறுதல் தரும். மலச்சிக்கல் அனேகமாக வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள். வலி தணிப்புச் சிகிச்சை என்றால் ஆளைக் கைவிட்டதாக எண்ணாதீர்கள்: 2010ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளரில் தொடக்கத்திலிருந்தே இதைப் பெற்றவர்கள் நிம்மதியாகவும், சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

வீட்டில் பார்க்க முடியாத நிலை வந்தால் மகரகமவில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இருக்கிறது. அது வரைக்கும் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள், யன்னலைத் திறந்து முகத்துக்கு ஒரு சின்ன மின்விசிறி பிடியுங்கள். மூச்சு கொஞ்சம் இலகுவாகும். இரவுக்கு வேறு ஒருவரை வைத்துவிட்டு நீங்களும் படுங்கள்.