பசங்கள மலை ஓட்டத்துக்கு கூட்டிட்டு போறவங்க முதுகுப் பையில என்ன இருக்கணும்? கேள்வி பதில்

பத்து வயசுலேர்ந்து பதினாறு வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு மலை ஓட்டம் சொல்லிக் குடுக்கிற கோச்சுங்க, கூட ஓடி உதவி பண்ற வாலன்டியருங்க, சில அப்பா அம்மாங்க, இவங்கல்லாம் கேட்ட கேள்விங்கதான் கீழ இருக்கு. நான் ரொம்ப வருஷமா இந்த வயசு பசங்களுக்கு கோச்சிங் பண்றேன், முதலுதவி கிளாஸும் எடுக்கறேன். டாக்டர் கிடையாது, அதனால ஒவ்வொரு பிள்ளையோட மருந்து விஷயத்துல அவங்க டாக்டர் எழுதிக் குடுத்ததுதான் கணக்கு.

கேள்வி: அக்கா, கடையில ரெடியா கிடைக்கிற முதலுதவி பெட்டி ஒண்ணு வாங்கி வேன்லயே வெச்சிருக்கேன். அது போதும்தானே?

போதாதுங்க. முதல்ல அது வேன்ல இருக்கு, பிள்ளை விழறது மலை மேல. கிட் எப்பவும் ஓடுற கோச் முதுகுல இருக்கணும், இதுல பேரமே கிடையாது.

இன்னொண்ணு, அந்தப் பெட்டி முழுக்க காயத்துக்கானது. மலையில பசங்களுக்கு நிஜமான ஆபத்து பல நேரம் காயத்தால வர்றதில்ல, காயம் பட்டு உக்கார்ந்த அப்புறம் ஏறுற குளிராலதான் வருது. ஓடிட்டு இருக்கும்போது தசை வேலை செய்யுது, உடம்பு சூடா இருக்கு, டீ-ஷர்ட் வேர்வையில நனைஞ்சு கிடக்கு. கணுக்கால் பிசகி ஒரு பாறை மேல உக்கார்ந்தா அந்த சூடு வர்றது அப்படியே நின்னுடும், ஆனா ஈரத்துணியும் காத்தும் குளிர்ந்த பாறையும் சேர்ந்து சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். பசங்களுக்கு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு பெரியவங்கள விட அதிகம், அதனால சீக்கிரம் குளிர்ந்துடுவாங்க. மேல போகப் போக 1000 மீட்டருக்கு சராசரியா 6.5 டிகிரி குறையும், அதனால கீழ இதமா இருந்துச்சுன்னு மேலயும் அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க.

2021 மே மாசம் சீனாவுல கான்சு மாகாணத்துல நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்துல திடீர்னு ஆலங்கட்டி மழையும் பலமான காத்தும் வந்து 21 பேர் இறந்து போனாங்க. அவங்கள்ல தேர்ந்த ஓட்டக்காரங்களும் இருந்தாங்க. காத்து தடுக்கிற ஜாக்கெட் அன்னிக்கு கட்டாய லிஸ்ட்ல இல்ல. இதைப் படிச்சதிலேர்ந்து என் பையில பாதி இடம் குளிருக்குன்னு ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அப்போ லிஸ்டையே சொல்லிடுங்க மேடம், எழுதிக்கறேன்.

குளிருக்கு: ஒரு ஆள் முழுசா உள்ள போற மாதிரி தடிமனான சர்வைவல் பேக், குழு பெருசுன்னா எல்லாரும் உள்ள உக்கார்ற குரூப் ஷெல்டர், எக்ஸ்ட்ராவா ஒரு கதகதப்பான மேல்சட்டை, தொப்பி, கையுறை, இது மூணும் தண்ணி புகாத கவர்ல. கூடவே கீழ போட்டு உக்கார ஒரு துண்டு ஃபோம் ஷீட்.

காயத்துக்கு: நைட்ரைல் கையுறை ரெண்டு மூணு ஜோடி (லேடெக்ஸ் வேண்டாம், சில பசங்களுக்கு அலர்ஜி), காயம் கழுவ சலைன் (சுத்தமான உப்புத் தண்ணி) குப்பி, ஸ்டெரைல் காஸ், புண்ணுல ஒட்டாத டிரெஸ்ஸிங், ரத்தம் அழுத்திக் கட்ட பெரிய பேட் வெச்ச பேண்டேஜ், கிரேப் பேண்டேஜ், முக்கோணக் கட்டுத்துணி, ஜிங்க் ஆக்சைடு டேப், கொப்புளத்துக்கு ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர், நுனி மழுங்கின கத்தரி, ட்வீசர். அடிபட்ட கை கால் அசையாம வெச்சுக் கட்ட, வளைச்சு வடிவம் குடுக்கிற அலுமினியம் ஸ்பிளிண்ட் ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது, எடையே தெரியாது.

மீதி: விசில், ஹெட்லேம்ப், பவர் பேங்க், மேப், திசைகாட்டி, குளுக்கோஸ் மாத்திரை, தண்ணி. அப்புறம் பேப்பரும் பென்சிலும், பேனா வேண்டாம், ஈரத்துல எழுதாது. எல்லாத்துக்கும் மேல பிள்ளைங்களோட மருத்துவ விவர சீட்டு, அதுல அலர்ஜி, ஆஸ்துமா, சுகர், வலிப்பு, சாப்பிடற மருந்து, வீட்டு நம்பர் ரெண்டு. இது ஆபீஸ் ஃபைல்ல தூங்கினா பிரயோஜனமில்ல, பையில இருக்கணும்.

கேள்வி: பளபளன்னு ஒரு ஃபாயில் போர்வை வருமே, ரொம்ப லேசா. அது பத்தாதா?

மலைக்கு அது மட்டும்னா பத்தாது. காத்து அடிச்சா படபடன்னு அடிச்சுக்கும், கிழியும், அடியில காத்து புகுந்துடும். சர்வைவல் பேக்ல பிள்ளைய உள்ள விட்டாதான் நாலு பக்கமும் அடையும்.

வரிசை இதுதான்: முதல்ல தரையிலேர்ந்து பிரிங்க, ஃபோம் இல்லன்னா காலி பை, கயிறு, எதுவானாலும் அடியில போடுங்க. காத்து படாத இடமா பார்த்து ஈரத்துணிய மாத்தி காஞ்சதை போடுங்க, மாத்துணி இல்லன்னா ஈரத்தோடவே பேக்குக்குள்ள விட்டு மேல போர்த்துங்க, திறந்தவெளியில அவுத்துட்டு நிக்க விடாதீங்க. முழு நினைவோட நல்லா முழுங்க முடிஞ்சா இனிப்பா ஏதாவது குடுங்க. கை கால தேய்க்கறது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பசங்க எப்பக் கேட்டாலும் "நல்லாதான் இருக்கேன்"னுதான் சொல்றாங்க. குளிர் ஏறிடுச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ரொம்ப நல்ல கேள்வி. பசங்க குழுவுக்கு முன்னாடி பலவீனமா தெரிய விரும்ப மாட்டாங்க, அதனால வாய கேக்காதீங்க, கைய பாருங்க. ஜாக்கெட் ஜிப்ப நீங்க போட்டு விடாம அவங்களையே போட சொல்லுங்க. விரல் அந்த சின்ன இழுப்பானப் பிடிக்க முடியாம வழுக்கிட்டே இருக்கும், ரெண்டு தடவ முயற்சி பண்ணிட்டு "அப்புறம் போட்டுக்கறேன்"னு விட்டுடுவாங்க. இன்னும் சந்தேகமா இருந்தா கட்டைவிரலால சுண்டுவிரல தொடச் சொல்லுங்க, தொட முடியலன்னா கை விறைச்சுப் போச்சு. பேச்சு கொழகொழன்னு ஆகறது, சமதரையில தடுக்கறது, வாயாடிப் பிள்ளை திடீர்னு அமைதியாகறது, எரிச்சல்படறது, இதெல்லாம் ஒரே குடும்பத்து அடையாளங்கள்தான். இதுல எதைப் பார்த்தாலும் அன்னிக்கு ஓட்டம் முடிஞ்சது, எல்லாருக்கும் துணி போட்டு கீழ இறங்குங்க.

உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்கு கீழ போனா ஹைப்போதெர்மியா. நடுங்கிட்டே இருந்த பிள்ளைக்கு இன்னும் சூடே ஏறாதப்போ நடுக்கம் நின்னு தூக்கம் வர்ற மாதிரி இருந்தா, சரியாகுதுன்னு நினைச்சுடாதீங்க, நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல நடக்க வைக்காதீங்க, படுக்க வெச்சு மூடி, மெதுவா கையாண்டு, உடனே மீட்புக்கு கூப்பிடுங்க.

கேள்வி: கணுக்கால் பிசகுனா சுளுக்கா எலும்பு முறிவான்னு மலையிலயே தெரிஞ்சுக்க முடியுமா அக்கா?

உறுதியா தெரியாது, ஆனா எக்ஸ்ரே எடுக்கணுமான்னு முடிவு பண்ண ஒரு நல்ல வழி இருக்கு, ஒட்டாவா விதின்னு பேரு. ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு இருக்கிற கணுக்கால் எலும்போட பின் விளிம்புல, நுனியிலேர்ந்து மேல 6 சென்டிமீட்டர் வரைக்கும் அழுத்தினா வலிச்சா, இல்ல நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னா, எக்ஸ்ரே வேணும். பாதத்துல சுண்டுவிரல் பக்கம் நடுவுல துருத்திட்டு இருக்கிற எலும்பையும், உள்பக்கம் பாத வளைவுக்கு மேல இருக்கிற எலும்பையும் அதே மாதிரி அழுத்திப் பாருங்க. வளர்ற பசங்களுக்கு எலும்பு நுனியில இருக்கிற வளர்ச்சித் தகடு மென்மையா இருக்கும், அதனால சந்தேகம் வந்தா முறிவுன்னே வெச்சுக்கோங்க. ஷூவை கழட்டாம அதுக்கு மேலயே கிரேப் பேண்டேஜ் சுத்தினா தாங்கல் கிடைக்கும், ஆனா விரல் மரத்துப் போகுதா, ஷூ இறுக்குதான்னு கேட்டுட்டே இருங்க, அப்படின்னா லேஸை தளர்த்துங்க. கால் கோணலா இருந்தாலோ மரத்துப் போனாலோ நடக்க வைக்காதீங்க.

கேள்வி: என் குரூப்ல ஒரு பையனுக்கு ஆஸ்துமா, இன்னொரு பொண்ணுக்கு தேனீ கொட்டினா அலர்ஜி. இவங்கள கூட்டிட்டு போகவே பயமா இருக்கு.

தாராளமா கூட்டிட்டு போங்க, அவங்கள ஒதுக்கறதுதான் தப்பு. அவசர மருந்து அந்தப் பிள்ளைகிட்டயே இருக்கணும், எக்ஸ்ட்ரா ஒண்ணு உங்க பையில. குழு நீண்டு போய் நீங்க அரை கிலோமீட்டர் பின்னாடி இருக்கும்போதுதான் மூச்சு இழுக்கும்.

ஆஸ்துமாவுக்கு: நிமிர்த்தி உக்கார வைங்க, படுக்க வைக்காதீங்க. சால்பியூட்டமால் (மூச்சுக்குழாய விரிக்கிற மருந்து) இன்ஹேலர ஸ்பேசர்ல (மருந்த தேக்கி மூச்சுல இழுக்க உதவுற குழாய்) மாட்டி ஒரு பஃப், நாலஞ்சு மூச்சு, அப்புறம் அடுத்தது. எத்தனை பஃப்னு அந்தப் பிள்ளையோட திட்டச் சீட்டுல டாக்டர் எழுதியிருப்பார், அதை முன்னாடியே படிச்சு வைங்க. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாம திணறினா, உதடு நீலமானா, மருந்து குடுத்தும் அடங்கலன்னா உடனே எமர்ஜென்சி. குளிர்ல இன்ஹேலர் சரியா மருந்து தள்ளாது, ஜாக்கெட்டுக்குள்ள உடம்போட ஒட்டி வெச்சுக்கச் சொல்லுங்க.

தேனீ அலர்ஜிக்கு: கொட்டின அப்புறம் மூச்சு இழுப்பு, தொண்டை அடைப்பு, குரல் கம்மறது, மயக்கம் இதுல ஒண்ணு வந்தாலும் காத்திருக்காதீங்க, அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டர (அழுத்தினா தானா மருந்து ஏத்தற ஊசி) தொடையோட வெளிப்பக்கம் நடுவுல அழுத்துங்க, துணி மேலயே போடலாம். நேரத்தை எழுதுங்க. படுக்க வெச்சு காலைத் தூக்கி வைங்க, மூச்சு கஷ்டமா இருந்தா உக்காரலாம், ஆனா எழுந்து நிக்கவோ நடக்கவோ விடாதீங்க. திடீர்னு எழுந்து நின்னா ரத்த அழுத்தம் சரிஞ்சு இதயமே நின்னுடலாம், "கொஞ்சம் பரவால்ல, இறங்கிடலாம்"னு நடத்திக் கூட்டிட்டு வர்றதுதான் இதுல பெரிய ஆபத்து. 5 நிமிஷத்துல சரியாகலன்னா ரெண்டாவது ஊசி. அதனாலதான் ரெண்டு ஊசி எடுத்துட்டு போகணும்னு சொல்றது. பயிற்சி ஊசின்னு மருந்தும் முனையும் இல்லாம ஒண்ணு கிடைக்கும், அதை வெச்சு உங்க உதவியாளருங்கள பழக வைங்க.

கேள்வி: சுகர் இருக்கிற பிள்ளை?

நடுக்கம், வேர்வை, குழப்பம் வந்தா முதல்ல குளுக்கோஸ் குடுங்க, அப்புறம் சுகர் மீட்டர பாருங்க. வழக்கமா 15 கிராம் வரைக்கும், சின்னப் பிள்ளைக்கு குறைவா, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி செக். நினைவு இல்லன்னா வாயில எதுவும் போடாதீங்க.

கேள்வி: வலின்னு அழுதா ஒரு மாத்திரை குடுத்துடலாமா?

வீட்டு எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம எதையும் குடுக்காதீங்க. ஆஸ்பிரின் பசங்களுக்கு கூடவே கூடாது, ரை சிண்ட்ரோம்னு மூளையையும் கல்லீரலையும் பாதிக்கிற நோய் வரலாம். வேர்த்து தண்ணி வத்தின உடம்புக்கு இபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்கு கெடுதல். இன்னொண்ணு, மாத்திரை போட்டு வலிய அடக்கி ஓட வைக்கறது, அதை எந்தக் காரணத்துக்காகவும் பண்ணாதீங்க.

கேள்வி: விழுந்து தலை இடிச்சுக்கிட்டான், ஒரு நிமிஷத்துல எழுந்து சிரிக்கறான். ஓட விடலாமா?

அன்னிக்கு கிடையாது. தலையில அடிபட்டு மந்தமா, தலைசுத்தலா, "என்ன நடந்துச்சு"ன்னு திரும்பத் திரும்பக் கேக்கற மாதிரி ஏதாவது இருந்துச்சுன்னா கன்கஷன்னு (மூளை அதிர்ச்சி) எடுத்துக்கோங்க, டாக்டர் பார்க்கற வரைக்கும் ஓட்டம் இல்ல. தனியா விடாதீங்க. திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி ஏறிக்கிட்டே போறது, வலிப்பு, தூக்கக் கலக்கம், கழுத்து வலி, கை கால் மரத்துப் போறது வந்தா ஆம்புலன்ஸ். கழுத்து வலின்னு சொன்னா எழுப்பாதீங்க, தலைய ரெண்டு கையாலயும் பிடிச்சு அசையாம வெச்சுட்டு உதவி கூப்பிடுங்க.

கேள்வி: ஓடும்போது மயங்கி விழறது சகஜம்தானேன்னு ஒரு கோச் சொன்னார், சரியா சார்?

(அக்கான்னே சொல்லுங்க.) ஓட்டம் முடிஞ்சு நின்ன உடனே தலை சுத்தி உக்கார்றது ஓரளவு சாதாரணம், படுக்க வெச்சு காலைத் தூக்கினா பெரும்பாலும் தெளிஞ்சுடும். ஆனா ஓடிட்டு இருக்கும்போதே பொத்துன்னு விழுந்தா அது இதயப் பிரச்சனையா இருக்கலாம்னுதான் நடத்தணும். கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சு சரியா இல்லன்னா உடனே சிபிஆர் (நெஞ்ச அழுத்தி, மூச்சு குடுக்கற முதலுதவி): நெஞ்சு நடுவுல, மார்போட ஆழத்துல மூணுல ஒரு பங்கு உள்ள போற அளவுக்கு, நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120, முப்பது அழுத்தத்துக்கு ரெண்டு மூச்சு. பக்கத்துல ஏஇடி மெஷின் (நின்னு போன இதயத்துக்கு மின் அதிர்ச்சி குடுக்கறது) எங்க இருக்குன்னு ஓட்டத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. உடனே எழுந்து நல்லா ஆயிட்டாலும் இதய டாக்டர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் மறுபடி ஓட விடாதீங்க, இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன், அப்பா அம்மா கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

வெயில் நாள்ல விழுந்து குழப்பமா பேசினா ஹீட் ஸ்ட்ரோக், உள் வெப்பம் 40-க்கு மேல போயிருக்கும். முதல்ல குளிர வைக்கணும், கொண்டு போறது அப்புறம். தலை வெளிய இருக்க, பிடிச்சுக்கிட்டே ஓடைத் தண்ணியில இறக்க முடிஞ்சா இறக்குங்க, இல்லன்னா இருக்கிற தண்ணியெல்லாம் ஊத்தி விசிறிட்டே இருங்க.

கேள்வி: சிக்னலே இல்லாத இடத்துல என்ன பண்றது?

112 போட்டுப் பாருங்க, நிறைய நாடுகள்ல வேலை செய்யும், உங்க நெட்வொர்க் இல்லாட்டியும் வேற டவர் இருந்தா அது வழியா போக வாய்ப்பு இருக்கு. விசில்ல மலை ஆபத்து அழைப்பு: ஒரு நிமிஷத்துல ஆறு தடவ ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில் மூணு ஊதல். ராத்திரின்னா டார்ச்ல அதே கணக்கு. இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்து ஆளுக்கொரு விசில் மாட்டி விடுங்க. ஆள் அனுப்பறதா இருந்தா தனியா ஒரு பிள்ளைய அனுப்பாதீங்க, எழுதின சீட்டோட அனுப்புங்க: இடம், நேரம், என்ன ஆச்சு, எத்தனை பேர்.

கேள்வி: இடி?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 செகண்டுக்கு கீழன்னா மின்னல் 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அதுக்குள்ளயே முகட்டை விட்டு இறங்கியிருக்கணும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் வரைக்கும் மறுபடி ஏறாதீங்க. தனி மரத்தடி வேண்டாம்.

கேள்வி: நான் ஒருத்தன்தான் கோச், பன்னெண்டு பசங்க. சமாளிச்சுடலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. ஒரு பிள்ளைக்கு அடிபட்டா நீங்க அவன்கிட்ட இருக்கணும், மீதி பதினோரு பேர யார் பார்க்கறது? குறைஞ்சது ரெண்டு பெரியவங்க, ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் கடைசிப் பிள்ளைக்குப் பின்னாடி, ரெண்டு பேர்கிட்டயும் முதலுதவி சாமான். ரெண்டாவது ஆள் கிடைக்கலன்னா அன்னிக்கு மலைக்குப் போகாம அடிவாரத்துல மேடு ஏறி இறங்கற பயிற்சி குடுங்க, பசங்களுக்கு அதுவும் பிடிக்கும்.

கேள்வி: கிட்டை எவ்வளவு நாளைக்கு ஒரு தடவ செக் பண்ணணும்?

ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்ச அன்னிக்கே, பையை வீட்டு தரையில கொட்டி. உபயோகிச்சதை அன்னிக்கே நிரப்புங்க, ஈரமானதை காய வைங்க. சலைன், ஊசி, இன்ஹேலர் எல்லாத்துக்கும் காலாவதி தேதி இருக்கு, அதை ஒரு சீட்டுல எழுதி பை மூடிக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. ஹெட்லேம்ப் ஒரு தடவ போட்டுப் பாருங்க.